கணையத்தில் ஒரு கொண்டைக்கடலை

என் தங்கை மகளின் நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் நான் என்ன பேசினேன் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது. அங்கே இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். என் சம்சாரம் ஒரு மாதிரி சொன்னாள், தங்கை ஒரு மாதிரி சொன்னாள், பந்தல் போட வந்தவர் எழுந்து நின்று நடித்தே காட்டினார். எல்லோர் சொன்னதிலும் பொதுவாக இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால், நான் பேசியது இவ்வளவுதான்:

"கேசரிக்கு நெய் பத்தல. ஒங்க தலையக் கொஞ்சம் இப்பிடிக் குனிங்க, அதுல வழியறத எடுத்து ஊத்திக்கிறேன்."

அந்த மனிதர் தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்துப் படிய வாரி வந்திருந்தார் என்பது உண்மை. அதற்காக, பெண் கேட்டு வந்த சம்பந்தியிடம், அதுவும் பெண்ணின் தாய்மாமன், சபை நடுவில் கரண்டியோடு போய் நின்று சொல்லுகிற வார்த்தையா அது?

நான் கல்யாணச் சமையல்காரன். தல்லாகுளத்துப் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு இருக்கிறேன். யாரிடமும் நின்று தொழில் படித்தவனில்லை. விசேஷ வீடுகளில் அடுப்படிப் பக்கமாகவே நின்று நின்று, கண்ணால் பார்த்தும் மூக்கால் பிடித்தும் கற்றுக்கொண்டது. சொந்தமாக ஆக்கத் தொடங்கியபோது நானாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். சாமிக்கு இலை போட்டு, முதல் பந்தி எழுந்திருக்கிறவரை சமைத்தவன் வாயில் எதுவும் போடக்கூடாது. பழைய ஆட்களில் சிலர் அப்படி இருப்பார்கள். அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். விசேஷ வீட்டுக்காரர்களுக்கும் அது பிடித்துப் போயிற்று. "அந்த மாஸ்டர் பல்லுல பச்சத்தண்ணி படாம ஆக்குவாரு" என்று சொல்லியே என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்படியென்றால் உப்பு யார் பார்ப்பது? என் சம்சாரம். குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். ஒரு விரலைக் காட்டினால் இன்னும் ஒரு கை உப்பு வேண்டும் என்று அர்த்தம். கையை விரித்துவிட்டால் போதும். வாய் திறந்து சொல்லமாட்டாள். எங்கள் வீட்டில் பேசுகிற வேலை முழுக்க என்னுடையது.

ரெண்டொரு வருசமாகவே எனக்கு ஏதோ கோளாறு. காலை முகூர்த்தம் என்றால் முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டதோடு சரி. விடிந்து பந்தி எழுந்திருக்கிறவரை வெறும் வயிறு. அந்த நேரத்தில் கை நடுங்கும், சட்டை நனைந்துவிடும். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வளைகாப்பு வீட்டில் எலுமிச்சை சாதத்தையும் புளிசாதத்தையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறி, "ரெண்டும் சம்பந்தம் பண்ணிக்கிருச்சு" என்று அறிவித்தேனாம். இன்னொரு மண்டபத்தில் வரிசையாக நின்ற கேஸ் சிலிண்டர்கள் ஒவ்வொன்றுக்கும் கை கொடுத்து, "வாரேன், வீட்டுல சொல்லிருங்க" என்று விடைபெற்றேனாம். பந்தி முடிந்து நாலு வாய் சாப்பிட்டேன் என்றால் எல்லாம் சரி. பழைய ஆள்தான். நடந்தது எதுவும் ஞாபகத்தில் இருக்காது.

சமைக்கிறவன் தள்ளாடினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? அதையேதான் நினைத்தார்கள். எனக்கு மனிதர்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும். பஸ்ஸில் முன் சீட்டில் பேசுகிறதைக் கேட்பதற்காக ஒரு நிறுத்தம் தள்ளி இறங்குகிறவன் நான். என்னைப் பற்றியே பேசினார்கள் என்றாலும், நல்லாச் சொன்னால் ரசித்துவிடுவேன். வெங்காயம் உரிக்கிற அக்கா ஒருத்தி சொன்னாள்: "அண்ணே, ஒங்க சாம்பாரு நிக்கிது. நீங்கதான் சாயுறீங்க." மண்டபத்து வாட்ச்மேன் ரகசியமாகக் கிட்டே வந்து கேட்டார்: "இம்புட்டு காலையில எந்தக் கடையண்ணே தொறந்து வச்சிருக்காய்ங்க? எனக்கும் சொன்னா நானும் பொழச்சுக்குவேன்ல."

நான் குடிக்கிறவன் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இல்லை என்று சொல்லச் சொல்ல, "ஆமாண்ணே, யாரு ஆமான்னு சொல்றா" என்று முதுகைத் தட்டிவிட்டுப் போவார்கள். என் சம்சாரமே ஒரு நாள் ரோட்டில் வண்டியை மறிக்கிற போலீஸ் மாதிரி முன்னால் நின்று, "ஊதுங்க" என்றாள். ஊதினேன். மோந்து பார்த்துவிட்டு, "பெருங்காயந்தான் அடிக்குது" என்று குழம்பிப் போய் உட்கார்ந்தாள்.

ஒன்றை மட்டும் நானே கண்டுபிடித்திருந்தேன். வேலையில்லாத நாட்களில் நடுக்கம் வந்தால் இனிப்பாக எதையாவது வாயில் போட்டால் தெளிந்துவிடும். அதனால் சட்டைப்பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும். தின்று தின்று உடம்பும் ஊதிப் போயிற்று. ஆனால் அடுப்பு முன்னால் நிற்கும்போது அந்த மிட்டாயைத் தொடமாட்டேன். கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு! அண்டா நிறைய சர்க்கரைப் பாகு கொதிக்கும், அதைக் கிண்டிக்கொண்டு நான் சர்க்கரை இல்லாமல் நடுங்கிக்கொண்டிருப்பேன்.

நிச்சயத்துக்கு வருகிறேன். என் தங்கை வாக்கப்பட்டது அலங்காநல்லூர்ப் பக்கம். அவள் புருசன் கரும்பும் நெல்லும் போடுகிறவர், எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எனக்கு அவர் மாப்ள, அவருக்கு நான் மச்சான். மாப்பிள்ளை வீட்டார் கொட்டாம்பட்டியிலிருந்து வர வேண்டும். பத்து மணி வாக்கில் வருவதாகப் பேச்சு. வேன் டயர் வெடித்து, மாற்று டயரிலும் காற்று இல்லாமல், அவர்கள் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். வடை போட்டாயிற்று, கேசரி கிண்டியாயிற்று, நான் முந்தின நாள் சாப்பிட்டதோடு நின்றிருந்தேன். வேன் வந்து நின்ற ஹாரன் சத்தம் வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிட்டு நான் நிறுத்தவில்லையாம். மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு யாரு, எனக்குக் காட்டவே இல்ல" என்றேனாம். வாயை அடைக்கவேண்டுமே என்று யாரோ ஒரு தட்டுக் கேசரியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். தின்று முடித்துக் கொஞ்ச நேரத்தில் தெளிந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு நான் கேட்டேன்: "என்ன மாப்ள, எல்லாரும் உம்முன்னு இருக்கீங்க? மாப்பிள்ள வீட்டுக்காரங்க இன்னும் வரலையா?"

அவர்கள் எனக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கொட்டாம்பட்டிக்காரர்கள் நல்ல மனிதர்கள், தட்டை மாற்றிக்கொண்டுதான் போனார்கள். போகும்போது ஒருவர் மட்டும், "தாய்மாமன் காலையிலேயே சந்தோசமா இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தங்கை அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாப்ள என்னைக் கரும்புக் கொல்லை வரப்புக்குத் தனியாகக் கூட்டிப் போனார்.

"மச்சான், கல்யாணத்துக்கு நீ தாய்மாமனா வா. பட்டுவேட்டி நானே எடுத்துத் தாரேன். மணவறையில நில்லு, மாலைய எடுத்துக் குடு. அடுப்புப் பக்கம் மட்டும் வந்துராத."

"நான் குடிக்கல மாப்ள."

"நான் எப்படா குடிச்சேன்னு சொன்னேன்? அடுப்பு வேணாம்னுதான சொல்றேன்."

தங்கை மகளுக்குத் தொட்டில் போட்ட அன்று ஆக்கியது நான். காதுகுத்துக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். குத்தி முடித்த கையோடு ஓடிப்போய்ச் சோறு வடித்தேன். சடங்குக்கும் என் கைதான். மிச்சமிருந்தது கல்யாணம் ஒன்று. "மாமா, என் கல்யாணத்துக்குக் காசி அல்வா கிண்டணும், நெய் கையில ஒட்டணும்" என்று பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே சொல்லி வைத்தவள் அவள். பட்டுவேட்டி கட்டிக்கொண்டு இன்னொருத்தன் கிண்டிய அல்வாவை நான் எந்த வாயால் தின்பேன்?

கெஞ்சினேன். மாப்ள யோசித்து ஒரு வழி சொன்னார். அவர்கள் ஊருக்குத் தள்ளி ஒரு கருப்பசாமி கோயில் உண்டு. குடிக்கிற ஆட்களை அங்கே கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குவார்கள். கட்டிய பிறகு குடித்தால் கருப்பு பார்த்துக்கொள்வார் என்று பயம்.

"குடிக்காதவனுக்கு எதுக்கு மாப்ள கயிறு?"

"குடிக்காதவனுக்கு என்ன பயம்? கட்டிக்க. கட்டிட்டா கல்யாண அடுப்பு ஒனக்கு. கருப்பு சாட்சி."

சரி என்றேன். அந்தக் கோயில் கயிற்றுக்கு ஒரு முறை இருக்கிறது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து விரதம். மறுநாள் உச்சி பூசை மணி அடித்து, கயிறு கட்டி, அப்புறம்தான் சாப்பாடு. விரதம் எனக்குப் புதிதா என்ன? என் சம்சாரமும் கூடவே வந்து தங்கை வீட்டில் தங்கி, நான் எங்கே போனாலும் பின்னாலேயே வந்தாள். கொல்லைக்குப் போனால்கூட வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

மறுநாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தது தெரியும். கற்பூர வாசனை தெரியும். என்னோடு கயிறு கட்ட வந்திருந்தவர்களில் ஒருவர், "நாளைக்கு மச்சினன் கல்யாணம், அத முடிச்சிட்டு வந்திருக்கலாம்" என்று புலம்பியது தெரியும். பூசாரி மணியைத் தூக்கினார். அதோடு சரி.

பிற்பாடு கேட்டது இது. நான் துள்ளி எழுந்து பூசாரியின் கையைப் பிடித்து, "மணிய அடிக்காதய்யா, சேமியா கொழஞ்சு போகும்!" என்று அதட்டியிருக்கிறேன். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, கை காலெல்லாம் நடுக்கம், கண் எங்கேயோ நிற்கிறது. கருப்பு கோயிலில், உச்சி வேளையில், விரதம் இருந்த ஒருவன் அப்படி நின்றால் யார் என்ன நினைப்பார்கள்?

"சாமி வந்திருச்சுடா!"

பொம்பளைகள் குலவை போட்டார்கள். விபூதியை அள்ளி என் நெற்றி கொள்ளாமல் அப்பினார்கள். பூசாரி கை கட்டி நின்று, "ஐயா, எங்க ஊருல என்ன கொற, சொல்லணும்" என்று கேட்டிருக்கிறார்.

"பந்தி லேட்டாகுது. மொதல்ல எலையப் போடு."

"அன்னதானம் கேக்குதுடா கருப்பு!" என்று கூட்டம் சிலிர்த்துப் போயிற்று. காடு கழனி வைத்திருக்கிற ஒரு சம்சாரி முன்னால் வந்து, "சாமி, மேக்கால காட்டுல போர் போடலாம்னு இருக்கேன். தண்ணி வருமா?" என்றார்.

"தண்ணியக் கொறச்சு ஊத்து. கெட்டியா இருக்கட்டும்."

அவர் அன்றைக்கே போர் வண்டிக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாமி வந்தவர்களுக்குப் பானகம் கொடுப்பது வழக்கம். வெல்லத்தைக் கரைத்து, சுக்கு தட்டிப் போட்டு, சொம்பு சொம்பாகக் கொடுத்தார்கள். நானும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. "சாமி மலையேறிருச்சு" என்றார்கள். பார்த்தால் பூசாரி என் காலில் கிடக்கிறார். "கயிறு கட்டியாச்சா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

மாப்ள என்னை ஓரமாக இழுத்துப் போனார். இப்போது அவர் பேச்சில் ஒரு மரியாதை வந்திருந்தது; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. சாமி வர்ற ஆள எப்பிடி அடுப்புல நிப்பாட்டுறது? கொதிக்கிற சாம்பாரு முன்னால நிக்கையில எறங்கிருச்சுன்னா?"

"கயிறு கட்டுனா அடுப்பு எனக்குன்ன!"

"அது குடிகாரனுக்குச் சொன்னது. சாமியாடிக்குச் சொல்லல."

குடிகாரனாக இருந்தால்கூடத் திருந்தலாம். சாமியாடி எப்படித் திருந்துவது? ஸ்கூட்டரில் மதுரைக்குத் திரும்பும்போது எனக்குப் பேச்சே வரவில்லை. நான் பேசாமல் வருவதைப் பார்த்து என் சம்சாரத்துக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வழியில் ஒரு கரும்புச்சாறு வண்டியில் நிறுத்தச் சொன்னாள். ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக்கொண்டோம். நான் குடிக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"ஏங்க, ஒங்களுக்குச் சாமியும் வரல, ஒண்ணும் வரல. பசி வந்திருக்கு."

"பசி எல்லாத்துக்குந்தான் வருது. எல்லாரும் சிலிண்டருக்குக் கை குடுக்கிறாய்ங்களா?"

"அது எனக்குத் தெரியாது. நேத்து மத்தியானத்துலருந்து நீங்க என் கண்ணு முன்னாலதான் இருந்தீங்க. குடிக்கல. அன்னைக்குக் கேசரி தின்னீங்க, தெளிஞ்சீங்க. இன்னைக்குப் பானகம், தெளிஞ்சீங்க. சட்டையில மிட்டாய் வச்சிருக்கீங்க. டாக்டர்ட்டப் போவோம்."

எங்கள் சந்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. என் சம்சாரம் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள், சேமியா உட்பட. டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். மறுநாள் சாப்பிடாமல் வரச் சொன்னார். போனோம். விரலில் குத்தி மிஷினில் பார்த்தார். மிஷின் கோளாறோ என்று வேறொரு மிஷின் கொண்டுவரச் சொல்லி மறுபடி குத்தினார்.

"சுகருங்களா டாக்டர்?" என்றேன்.

"சுகர் இல்லீங்க. சுகர் பத்தல. ரொம்பக் கம்மியா இருக்கு. எப்பிடி உக்காந்து பேசுறீங்கன்னே தெரியல."

"பேச்சு மட்டும் எப்பவும் கம்மியாகாது டாக்டர்" என்றாள் என் சம்சாரம். "ஊரெல்லாம் சுகர் ஏறிருச்சு ஏறிருச்சுன்னு அழுவுது. எங்களுக்கு மட்டும் எறங்குதா?"

டாக்டரம்மா விளக்கிச் சொன்னதை என் புத்திக்கு எட்டிய மட்டில் சொல்கிறேன். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதைக் குறைக்க அது இன்சுலினைச் சுரக்கும்; சாப்பிடாதபோது சும்மா இருக்கும். அதில் அபூர்வமாகச் சிலருக்கு ஒரு சின்னக் கட்டி முளைக்கும். அந்தக் கட்டி தன்போக்கில் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டாயா, பட்டினியா என்று அதற்குக் கவலையில்லை. பட்டினி கிடந்தால் ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையும் போய், மூளைக்கு எதுவும் கிடைக்காமல் ஆள் உளற ஆரம்பித்துவிடுவான். இலையில் ஆளே இல்லை, ஆனாலும் ஒருவன் வாளியோடு வந்து ரசம் ஊற்றிக்கொண்டே இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

"நெறயப் பேர இந்த நோவுல குடிகாரன்னு சொல்லிருவாங்க, மனநோய்ன்னு சொல்லிருவாங்க" என்றார் டாக்டரம்மா.

"சாமின்னு?" என்றேன்.

"அதுவும் நடக்கும்."

ஆனால் கட்டிதான் என்று உறுதிப்படுத்த ஒரு சோதனை வேண்டுமாம். அதைக் கேட்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, சாப்பாடு கொடுக்காமல், அவ்வப்போது ரத்தம் எடுத்து, எப்போது உளறுகிறேன் என்று காத்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். மூன்று நாள் வரைக்கும்கூட ஆகலாம். விரதம்! மணி ஒன்றுதான் இல்லை.

"கட்டி" என்ற சொல் தங்கை வீட்டுக்குப் போனதும் அங்கே ஒரே அழுகை. மாப்ள பஸ் பிடித்து ஓடி வந்தார். அவர் சும்மா வரவில்லை. "நான் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிறேன். இவன் கையில யாரும் எதையும் குடுக்காம பாத்துக்கிறேன்" என்றார். அக்கறையா, சந்தேகமா? ரெண்டும்தான். என் தட்டில் சோறு விழாமல் காவல் காத்த முதல் மாப்ள உலகத்திலேயே அவர்தான். பக்கத்துக் கட்டில்காரர் இட்லிப் பொட்டலம் பிரித்தபோது ஜன்னலைத் திறந்து வாசனையைக்கூட வெளியே விரட்டினார்.

மறுநாள் காலையிலேயே உளறல் வந்துவிட்டது. நர்ஸம்மா ரத்தம் எடுக்க வந்தபோது நான் மாப்ளயின் மீசையை ரெண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "நல்ல எளசு. நறுக்கி வதக்குனா மூணு எலைக்குக் கூட்டு வரும்" என்று சொல்லியிருக்கிறேன். வார்டே சிரித்ததாம். மாப்ள மட்டும் சிரிக்கவில்லை. நர்ஸம்மா சட்டென்று ரத்தத்தை எடுத்துக்கொண்டு, நரம்பு வழியாகக் குளுக்கோஸை ஏற்றினார். நான் கண் விழித்துப் பார்த்தபோது மாப்ள என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, செத்துட்டேனா?"

"தண்ணியத் தவிர ஒண்ணும் எறங்கல மச்சான். நான் கண்ணு மூடல. நான்தான சாட்சி! இத்தன நாளா ஒன்னைய..." என்று ஆரம்பித்தவர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"மீசைய ஏன் மாப்ள பிடிச்சுக்கிட்டே இருக்க?"

"அதப் பெறகு சொல்றேன்" என்றார்.

ரத்தத்தைப் பரிசோதித்ததில் சர்க்கரை தரையைத் தொட்ட நேரத்திலும் இன்சுலின் குறையாமல் இருந்தது. ஸ்கேனில் கணையத்தின் ஓரத்தில் கட்டி தெரிந்தது. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு என்றார்கள். அவ்வளவு சின்னதா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அண்டா அண்டாவாக ஆக்குகிற ஒரு ஆளை ஒரு கொண்டைக்கடலை இத்தனை ஆட்டம் ஆட்டியிருக்கிறதே! அபூர்வமானது என்பதால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக என்னைப் பார்க்க வந்தார்கள். பெண் பார்க்க வந்தது மாதிரி சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். சேமியா கதையைச் சொன்னேன். மறுநாள் வேறு பிள்ளைகள் வந்து, "அங்கிள், சேமியா" என்றார்கள். மறுபடி சொன்னேன்.

இது போன்ற கட்டி பெரும்பாலும் சாதுவானது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும், ஆனாலும் எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்லமுடியும் என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். அந்த 'ஆனாலும்' மட்டும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஆவணியில தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். அடுப்புல நிக்கலாமா?"

"நிக்கலாமான்னு அப்பப் பாப்போம். அண்டா தூக்கக்கூடாது. அத இப்பவே சொல்லிர்றேன்."

ஆனியில் அறுத்து எடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் சுகர் ஏறியிருக்கிறது! இத்தனை காலம் அமுங்கிக் கிடந்தது கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் துள்ளும், தானாக அடங்கும் என்றார்கள். "அப்பாடா, ஊரோட சேந்தாச்சு" என்றாள் என் சம்சாரம். அப்படியே அடங்கவும் அடங்கிற்று. கட்டியைப் பரிசோதித்த முடிவும் நல்லபடியாக வந்தது. டாக்டரம்மாவே தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் சம்சாரம் அன்றைக்குத்தான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

ஆடியில் கல்யாணம் இல்லை என்று வைத்தவர்கள் எனக்காகவே வைத்திருக்க வேண்டும். மாதம் பூராவும் படுத்துக் கிடந்து உடம்பைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஆடியில் கருப்பு கோயிலில் அன்னதானம் போட்டார்கள், சாமி கேட்டதல்லவா! என்னைக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். கணையம், கட்டி என்று எல்லாவற்றையும் பூசாரியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிய்யா, கட்டியக் காட்டிக் குடுத்தது யாரு?" என்றார். போரை நிறுத்திய சம்சாரியும் வந்திருந்தார். பக்கத்துக் காட்டில் போட்டவனுக்குப் புகைதான் வந்ததாம். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆவணி முகூர்த்தம். மண்டபத்து அடுப்படியில் எனக்கு ஒரு நாற்காலி. தூக்குவதற்கும் இறக்குவதற்கும் ஆட்கள். வாய் மட்டும் என்னுடையது. வெண்பூசணியைச் சீவிப் பிழிந்து, என் கண் முன்னாலேயே காசி அல்வா கிண்டி இறக்கினார்கள். நெய் கையில் ஒட்டியது. பொழுது விடிந்து, மேளக்காரர்கள் மேலே சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சாமிக்கு இலை போட்டாயிற்று. அப்போது மாப்ள உள்ளே வந்தார். கையில் ஒரு தலைவாழை இலை. எனக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"உக்காரு மச்சான். மொத எல ஒனக்கு."

"பந்தி எந்திரிக்கல மாப்ள."

"கருப்பு சாட்சியா அடுப்பக் குடுத்திருக்கேன். இந்த எலதான் ஒனக்குக் கயிறு, நான் கட்டுறேன். வெறும் வயித்தோட அடுப்புல நிக்கமாட்டேன்னு சொல்லு."

டாக்டர் எடுத்துவிட்டார், இனிமேல் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் ஒரு உருவம். கொட்டாம்பட்டி சம்பந்தி. தலையில் எண்ணெய் வழிய வழியப் படிய வாரியிருந்தார்.

"மாஸ்டர் சாப்பிட்டாச்சா?" என்றார். "சாப்பிட்டப்பறம் சொல்லி விடுங்க, உள்ள வாரேன். இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலாவே வச்சிட்டு வந்திருக்கேன்."

அடுப்படியே சிரித்தது. நான் இலைக்கு முன்னால் கை நனைத்தேன். மாப்ளயே பொங்கல் வைத்தார், அல்வா வைத்தார், பக்கத்திலேயே நின்றுகொண்டார். அல்வாவில் ஒரு குறையும் இல்லை. பொங்கலை ஒரு வாய் வைத்தேன். இத்தனை வருசத்தில் பந்திக்கு முன்னால் என் பொங்கலை நான் சூடாகத் தின்றது அன்றைக்குத்தான். எதிரே நின்ற என் சம்சாரத்தைப் பார்த்து, அவள் பாணியிலேயே ஒரு விரலைக் காட்டினேன்.

"என்னது? உப்பா?" என்று இடுப்பில் கை வைத்தாள். "அப்ப இத்தன வருசமா நான் நக்கிப் பாத்ததெல்லாம்?"

நான் அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவளே ஒரு கை உப்பை அள்ளிக் கரைத்து ஊற்றிக் கிளறச் சொன்னாள். மேலே கெட்டிமேளத்துக்கு இன்னும் நேரமிருந்தது. முதல் பந்திக்கு இலை போடச் சொல்லிக் குரல் கொடுத்தேன்.